பாவு, இட்லி, மருதாணி: காஞ்சி வாழ்ந்த விதம்

காஞ்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலும் பட்டும்தான். ஆனால் இந்த ஊரை இத்தனை காலம் தாங்கியது வீட்டுக்குள் இருந்த கைத்திறன்.

விடியற்காலையில் நெசவாளர் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, காய வைப்பார்கள். நூல் தறியில் தாக்குப்பிடிக்க அதுதான் பலம். மழை வந்தால் வேலை நின்று போகும். அதே அரிசி உளுந்தோடு சேர்ந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய்யுடன் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வெந்தால், வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி!

அழகுக்கு மஞ்சள், மருதாணி, சீயக்காய் போதும். உல்லாசப் பயணம்? வைகாசி கருட சேவைக்கு நடந்தே போய் வருவதுதான். அத்தி வரதரைப் பார்க்க மட்டும் 1979-க்குப் பிறகு 2019 வரை, 40 வருஷம் காத்திருந்தார்கள்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொரு ஆளும் வேண்டும். அது பெரும்பாலும் வீட்டு ஆள். சில வீடுகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. பிள்ளைகள் படிக்கப் போனார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி ஆரம்பித்த பிறகு தொழிற்சாலை வேலையும் பக்கத்திலேயே வந்தது. நல்லதுதான். ஆனால் தறியில் துணைக் கை இல்லாமல் போச்சு. 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும். துணைக்கு ஆள் தராது.

மாணவ நண்பர்களே, ப்ராஜெக்ட் தேடும்போது ஒரு நாள் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து பாருங்கள். அந்தத் துணைக் கையின் வேலையைச் சுலபமாக்க நம்மால் முடியாதா என்ன?