பிடித்த மீனை விடுவதற்கு ஒரு வலை

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடப்போகிறவனுக்கு வலை எதற்கு? கேட்டால் சிரிப்பு வருகிற கேள்விதான். ஆனால் ட்ரவுட் மீனைத் தூண்டிலில் பிடித்து உயிரோடு விடும் பழக்கம் இருக்கிற ஊர்களில் இதை வைத்து இரண்டு கட்சிகள் உண்டு. வலை வைத்திருப்பவன் மீனின் தோலை உரிக்கிறான் என்கிறது ஒன்று. வலை இல்லாமல் ஆற்றில் இறங்குகிறவன்தான் மீனைச் சாகடிக்கிறான் என்கிறது இன்னொன்று.

ட்ரவுட் குளிர்ந்த ஓடைகளின் மீன். நமக்கு ஒரேயடியாக அந்நியமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் ஆசைக்காக நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி இதை வளர்த்தார்கள். வலை என்று நான் சொல்வது வீசுவலையை அல்ல. வளைந்த சட்டம், ஒரு கைப்பிடி, கீழே தொங்கும் வலைப்பை. நம்ம ஊர் அத்தாங்கைச் சின்னதாக்கினால் கிட்டத்தட்ட அதுதான். தூண்டிலில் மாட்டிய மீனைக் கடைசி நொடியில் அடியிலிருந்து ஏந்துகிற கைவலை.

1653-ல் லண்டனில் வெளியான ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ நூலிலேயே இந்த வலை வந்துவிடுகிறது. குரு ஒரு ட்ரவுட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார். வலையை அடியில் கொடு, நரம்பைத் தொட்டுவிடாதே என்று சீடனைப் பதறவைக்கிறார். பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. தங்கூஸ் எல்லாம் அன்று ஏது? குதிரைவால் மயிரை முறுக்கித்தான் நரம்பு. மீன் தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் எடையைத் தண்ணீரே சுமக்கிறது. வெளியே தூக்கினால் மொத்த எடையும் மயிரில் விழும், அறுந்துவிடும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் வலை. மீன் தப்பக் கூடாது, அவ்வளவுதான். தப்பாத மீன் அடுத்துப் போய்ச் சேருவது அடுப்புக்கு. வால்டன் சமையல் குறிப்புகளையும் தாராளமாகவே தந்திருக்கிறார்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வலைக்கு இந்த ஒரே வேலைதான் இருந்தது.

1939-ல் லீ வுல்ஃப் என்ற அமெரிக்கர் தன் தூண்டில் கையேட்டில் ஒரு வாதத்தை வைத்தார். இந்த மாதிரி மீன் ஒரே ஒருமுறை பிடிபட்டுச் செத்துப்போவது நஷ்டம். விட்டால் இன்னொருவனும் பிடிக்கலாமே. கவனியுங்கள், இதில் கருணை இல்லை, கணக்குதான் இருக்கிறது. 1952-ல் மிச்சிகன் மாநிலம் இதை விதியாகக் கொண்டுவந்ததும் பண்ணைமீன் வளர்த்து ஆற்றில் விடும் செலவைக் குறைக்கத்தான். கருணை என்ற பேச்செல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

கணக்கு பலித்தது. யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்தால் விட்டே ஆகவேண்டும் என்று விதியுள்ள ஒரு பகுதியை ஆராய்ந்து 1986-ல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே ஒரு கட்த்ரோட் ட்ரவுட் ஒரே பருவத்தில் சராசரியாக 9.7 முறை பிடிபடுகிறது என்று மதிப்பிட்டார்கள். ஒருமுறை பிடிபட்டு விடப்பட்டால் சாகும் வாய்ப்பு 0.3 சதவீதம்தான். நல்ல செய்தி. ஆனால் அதே உடம்பைப் பத்துப் பேர் தொடுகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம். தொடுகிற கையும் வலையும் அங்கேதான் பிரச்சினையாகின்றன.

மீனின் மேல் ஒரு வழவழப்பு இருக்கிறதே, சந்தையில் நம் கையில் ஒட்டுவது, அதுதான் அதன் கவசம். அது வழித்தெடுக்கப்பட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வலை மட்கிப்போகும். நைலான் மட்காது, ஆனால் அதன் முடிச்சுகள் முரடு. செதிலைப் பெயர்க்கும், துடுப்பைக் கிழிக்கும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் ப்ளூகில் என்ற சின்ன மீன்களை நான்கு வகை வலைகளில் ஏந்திப் பார்த்தார்கள். வலையே படாதவற்றில் ஒன்றும் சாகவில்லை. வலை பட்டவற்றில் வகையைப் பொறுத்து 4 முதல் 14 சதவீதம் செத்தன. முடிச்சு வலைகள் மோசம். ரப்பரும் முடிச்சில்லாத நைலானும் பரவாயில்லை.

சரி, வலையைத் தூக்கி எறிந்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ப்ளூகில் உள்ளங்கை அளவு மீன், கைக்குள் அடங்கும். வேகமாக ஓடும் ஆற்றில் முழங்கை நீள ட்ரவுட் அப்படியா அடங்கும்? வெறுங்கையில் பிடிக்க வேண்டுமென்றால் அது ஓய்ந்து பக்கவாட்டில் சாயும்வரை இழுத்தடிக்க வேண்டும். அந்த ஓய்ச்சல்தான் ஆபத்து. 1992-ல் கனடாவில் ரெயின்போ ட்ரவுட்களை ஆய்வுக்கூடத்தில் முழுக்கக் களைக்க வைத்துப் பார்த்தார்கள். களைப்பால் மட்டும் 12 மணி நேரத்துக்குள் 12 சதவீதம் செத்தன. களைத்ததை 30 விநாடி காற்றில் வைத்தால் 38. ஒரு நிமிடம் வைத்தால் 72. ஆனால் 2018-ல் அமெரிக்காவில் தூண்டிலில் பிடித்த ட்ரவுட்களை ஒரு நிமிடம்வரை வெளியே வைத்துப் பார்த்தபோது சாவு கூடவில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் படிக்கவில்லை. ஆய்வுக்கூட மீன் அளவுக்குத் தூண்டில் மீன் ஓய்ந்துபோயிருக்காது, அவ்வளவுதான். அப்படியென்றால் மீனுக்கு இன்னும் தெம்பு இருக்கும்போதே ஏந்திவிடுகிற வலை அதற்கு நல்லதுதானே?

ரப்பர் வலை, அதுவும் தண்ணீரை விட்டு எழும்பாத வலை. மீன் உள்ளே தண்ணீரிலேயே கிடக்கும், செவுள் அசையும், எதிர்முள் இல்லாத கொக்கியைக் கழற்றிவிட்டு வலையைச் சாய்த்தால் போய்விடும். கை படவே வேண்டாம். சின்ன மீனென்றால் இதுவும் தேவையில்லை, நரம்பு வழியாக விரலைக் கொண்டுபோய்க் கொக்கியைத் திருகினாலே போதும். உண்மையான எதிரி கேமரா. தண்ணீருக்குள் கிடக்கும் மீன் படத்தில் எடுப்பாக இருக்காதாம். தூக்கு, இன்னும் கொஞ்சம் மேலே, சிரி.

ஜெர்மனியில் இந்தச் சண்டைக்கே பெரிய இடமில்லை. தக்க காரணமின்றி விலங்கைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது அவர்களின் சட்டம். விடுவதற்காகவே பிடிப்பது அங்கே காரணமாக ஏற்கப்படுவதில்லை. தின்பதாக இருந்தால் பிடி. வால்டன் தலையாட்டியிருப்பார்.

மொன்டானாவில் வேறு மாதிரி. ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டில் போடத் தடை விதிப்பார்கள். சூடான நீரில் பிராணவாயு குறைவு, ஓய்ந்த மீன் மீளாது. அந்த மாலைகளில் ரப்பர் வலைக்காரரும் வெறுங்கைக்காரரும் ஒன்றாகக் கரையேறிவிட வேண்டியதுதான்.