ஸ்கேன் வேண்டாம், நெகட்டிவ்வைக் காட்டுங்க பாஸ்! மீடியம் ஃபார்மட் ஃபிலிம் பழகுபவர்களுக்கு...

ஒரு ரோலுக்கு 12 படம்தான். 6x6 கேமராவில் 120 ஃபிலிம் போட்டால் கிடைப்பது அவ்வளவே. 6x7 என்றால் 10, 6x9 என்றால் வெறும் 8! ஒரு ரோல் வீணானால் பர்ஸ் வலிக்கும்.

கோடக் 1901-ல் கொண்டுவந்த 120 ஃபிலிம்தான் இன்றும் மீடியம் ஃபார்மட்டின் உயிர். தாத்தா வீட்டுப் பரணில் அக்ஃபா கிளிக் 3 கேமரா கிடந்தால், அதற்கும் இதே ஃபிலிம்தான். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24x36 மி.மீ. 6x6-ல் ஏறத்தாழ 56x56 மி.மீ. பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். அந்த டீட்டெயிலுக்குத்தான் இத்தனை பாடு.

சரி, முதல் ரோலைக் கழுவி ஸ்கேன் வந்தாச்சு. படம் ஏதோ மங்கலா இருக்கு. நண்பர்கள்கிட்ட காட்டி 'ஏன் இப்படி?'ன்னு கேட்பீங்க. ஒருத்தர் லேப் சரியில்லை என்பார், இன்னொருத்தர் ஷட்டர் போச்சு என்பார். ரெண்டு பேருமே ஊகம்தான். ஏன்னா, ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் சரிசெய்துவிடும். உண்மை இருப்பது நெகட்டிவ்வில்.

அதைக் காட்டுவது ஈஸி. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு போனிலோ டேப்லெட்டிலோ வெள்ளைத் திரையை முழு பிரைட்னஸில் வைங்க. திரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நெகட்டிவ்வைப் பிடித்து, இன்னொரு போனில் படம் எடுங்க. ஒட்டி வைத்தால் பிக்ஸல் புள்ளிகள் தெரியும். முக்கியமா, ஓரங்களை வெட்டிடாதீங்க!

ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்க கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த எழுத்து நல்லா அடர்த்தியா இருந்து, படம் மட்டும் வெளிறி இருந்தால், ஃபிலிமுக்கு வெளிச்சம் பத்தவில்லை. மீட்டரையோ ஷட்டரையோ பாருங்க. எழுத்தும் சேர்ந்து மங்கினால் சந்தேகம் டெவலப்பிங் மேல்: பழைய கெமிக்கல், குறைந்த நேரம் அல்லது வெப்பநிலை.

எழுத்து மட்டும் இருக்கு, படமே இல்லையா? ஷட்டர் திறந்ததா என்று பாருங்க. ட்வின் லென்ஸ் கேமராவில் நாம பார்ப்பது மேல் லென்ஸ் வழியா, பதிவது கீழ் லென்ஸில். கீழே மட்டும் மூடி இருந்தாலும் மேலே உலகம் ஜம்முனு தெரியும்!

ஓரங்களில் கறுப்பு கறுப்பா படிந்திருந்தால் வெளிச்சம் புகுந்திருக்கு. 120-க்கு உலோக டப்பா கிடையாது, காப்பு வெறும் காகிதச் சுற்றுதான். ரோல் தளர்வாகச் சுற்றியிருந்தால் காலி. எனவே நிழலில் மாற்றுங்க; எடுத்ததும் இறுக்கிப் பிடித்து ஸ்டிக்கரை ஒட்டுங்க.

இன்னொன்று, டிஜிட்டல் போல ஃபிலிம் எதையும் குறித்து வைக்காது. ஃபிலிம், ஐ.எஸ்.ஓ, அபெர்ச்சர், ஷட்டர் வேகம், வெயிலா நிழலா என்பதை ஒவ்வொரு படத்துக்கும் போனில் நோட் போடுங்க. அது இல்லாமல் கேட்டால், அனுபவசாலியும் கையை விரிப்பார்.

சில லேப்கள் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிடும். நெகட்டிவ் திரும்ப வேணும்னு ரோலைக் கொடுக்கும்போதே சொல்லிடுங்க. 6x6 என்றால் மூன்று மூன்று படமாக வெட்டித் தரச் சொல்லுங்க. நான்கு துண்டு, ஒரே உறையில் அடங்கிடும்.