குவேக்கர் வணிகரும் அவர்தம் மனச்சாட்சியும்

ஒருவர் தாம் தழுவிய சமயத்தை உண்மையாகவே கைக்கொண்டிருக்கின்றாரா என்பதை அறிதற்கு, அவர் தொழும் இடத்திற்குச் சென்று பார்த்தல் போதாது. அவர்தம் கடையிலும் கழனியிலும் கணக்கேட்டிலும் பார்த்தல் வேண்டும். இவ்வுண்மை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயினும், கிறிஸ்து மார்க்கத்தின் சரித்திரத்தில் இதனைத் தம் நித்திய வாழ்க்கையில் நடத்திக் காட்ட முயன்ற ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம். நம் சங்கத்தாருள் வணிகஞ் செய்வோர் பலராதலானும், ஒரு சமூகம் தன்னைத் தானே கண்டித்துத் திருந்திய வரலாறு இதுவாதலானும், நம்மவர் இதனை அறிதல் நலம்.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பவர் தொடங்கிய கூட்டத்தார் தம்மை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்டனர். பிறர் அவர்களைக் ‘குவேக்கர்’ என்றனர். கிறிஸ்து ஆணையிடுதலை விலக்கினாராதலின், இவர்கள் நியாயஸ்தலத்திலும் சத்தியப் பிரமாணஞ் செய்ய மறுத்தனர். பிரமாணஞ் செய்த நாளில் ஒரு சொல்லும் மற்றை நாளில் வேறொரு சொல்லும் உடையவன் உண்மையாளன் ஆகான் என்பது அவர்தம் கொள்கை. இதன் பொருட்டுப் பலர் சிறை புகுந்தனர். 1696-ஆம் ஆண்டிலேதான், ஆணைக்குப் பதிலாக வெறும் உறுதிமொழி கூற அவர்களுக்குச் சட்டம் இடந்தந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய சர்வகலாசாலைகளின் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்தமையால், பெரும்பாலோர் வணிகத்தையே பிழைப்பாகக் கொண்டனர்.

அக்காலத்து இங்கிலாந்துக் கடைகளில் விற்பவர் கூட்டிச் சொல்வதும் வாங்குபவர் குறைத்துக் கேட்பதுமே வழக்கம். பத்துக்கு விற்க எண்ணி இருபது என்று சொல்வது பொய்யேயன்றி வேறன்று எனக் கண்ட குவேக்கர், முடிவான விலையையே முதலிற் சொல்லினர். தொடக்கத்தில் வாடிக்கை குறைந்தது. பின்னர், சிறு பிள்ளையை அனுப்பினாலும் அக்கடைகளில் ஏமாற்றம் நேராது என்று ஜனங்கள் கண்டுகொண்டனர், வியாபாரம் பெருகிற்று. தன் சக்திக்கு மிஞ்சிக் கடன் வாங்கி நொடித்துப் போனவனை அச்சங்கம் விசாரித்தது. குற்றம் அவனுடையதாயின் உறுப்பினின்றும் நீக்கிற்று. பிரிஸ்டல் நகரத்துப் பிரை, யார்க் நகரத்து ரௌண்ட்ரீ, பர்மிங்காம் நகரத்துக் காட்பரி ஆகிய குடும்பத்தார் யாவரும் இம்மரபிற் பிறந்த வணிகரே.

இவ்வளவும் கேட்கப் பெருமையாகவே இருக்கின்றது. ஆயினும் சரித்திரம் இவ்விடத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிற் குடியேறிய குவேக்கருள் செல்வர் பலர் ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தனர். ஒரு காசும் கூட்டிச் சொல்லாத அவ்வணிகர்க்கு, மனிதரை விலை பேசுதல் நெடுங்காலம் குற்றமாகத் தோன்றவில்லை.

இக்குற்றத்தைத் தம்மவர்க்குக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஜான் ஊல்மன் (1720–1772) என்பவர். இவர் நியூஜெர்ஸியில் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையிற் கணக்கெழுதும் வேலையில் இருந்த இளம்பருவத்தில், அவர்தம் முதலாளி ஓர் அடிமைப் பெண்ணை விற்று, விக்கிரயப் பத்திரம் எழுதுமாறு பணித்தார். வாங்கியவரும் நண்பர்கள் சங்கத்து முதியவரே. ஊல்மன் எழுதிக் கொடுத்தார்; எனினும், அடிமை வைத்தல் கிறிஸ்து மார்க்கத்திற்குப் பொருந்தாது என்பதை அவ்விருவர் முன்னிலையிலும் சொல்லினார். அதன்பின் அத்தகைய பத்திரத்தை எழுத உடன்பட்டாரல்லர். அயலார் ஒருவர் நோயுற்று உயில் எழுதச் சொல்லியபோது, மற்றைப் பகுதிகளை எழுதி, அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு, காரணத்தையும் அமைதியாக உரைத்தார். நோயாளி யோசித்து, அப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார்.

ஊல்மனுக்குச் சொந்தக் கடை ஒன்று ஏற்பட்டு வியாபாரம் விருத்தியடைந்தது. அஃது அளவுக்கு மிஞ்சித் தம் மனத்தைக் கவர்கின்றதென்று கண்டு, அதனைக் குறைத்துவிட்டுத் தையல் வேலையாலும் பழத்தோட்டத்தாலும் ஜீவனம் நடத்தினார். அடிமைகள் உழைத்து விளைந்த சர்க்கரையை விலக்கினார். சாயந்தோய்த்த ஆடையைத் துறந்தார். அடிமை வைத்திருப்போர் வீட்டில் தங்க நேர்ந்தால், பணி செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டே புறப்பட்டார். தம் கைக்கு வந்த பொருள் யாருடைய வியர்வையில் விளைந்தது என்பதே அவர் ஓயாது வினவிய வினா.

அவரும் அவரை ஒத்தாரும் பேசிய பேச்சு வீண்போகவில்லை. 1758-ஆம் ஆண்டில் பிலடெல்பியா வருஷாந்தர மகாசபை, அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சங்க காரியங்களிற் கலந்துகொள்ளலாகாது என்று தீர்மானித்தது. கை தூக்கி எண்ணும் வழக்கம் அச்சபையில் இல்லை. மனமொத்த பின்பே முடிவு செய்வர். ஆதலின் ஒவ்வோர் அடிமைக்காரர் வீட்டிற்கும் தூதர் சென்று வருஷக்கணக்காகப் பேசவேண்டியிருந்தது. 1772-ஆம் ஆண்டில் ஊல்மன் இங்கிலாந்து சென்று, யார்க் நகரில் அம்மை நோயாற் காலமானார். 1776-ஆம் ஆண்டில் அதே மகாசபை, அடிமை வைத்திருப்போர் எவரும் சங்கத்தில் இருத்தலாகாது என்று விதித்தது. தம்முட் செல்வரையும் செல்வாக்குடையாரையும் இழக்க நேரினும் நேரட்டும் என்று அச்சமூகம் துணிந்தது இவ்விடத்தில்தான்.

ஆயினும் ஒரு தலைமுறை கற்ற பாடத்தை அடுத்த தலைமுறை மீண்டுங் கற்கவேண்டியிருக்கின்றது. ஜான் காட்பரி 1824-ஆம் ஆண்டில் பர்மிங்காமில் தொடங்கிய கடை, அவர் குமாரர் ரிச்சர்டு, ஜார்ஜ் என்போர் காலத்தில் பெருந்தொழிலாயிற்று. 1879-ஆம் ஆண்டில் அவர்கள் புகை சூழ்ந்த நகரை விட்டு நீங்கிப் போர்ன்வில் என்னுமிடத்தில் ஆலை அமைத்தனர். பின்னர்த் தோட்டங்களோடு கூடிய வீடுகள் எழும்பின. 1900-ஆம் ஆண்டில் ஜார்ஜ் காட்பரி அவ்வீடுகளையும் நிலத்தையும் ஒரு தர்மஸ்தாபனத்திற்கு ஒப்புவித்தார். கண்ணெதிரே நின்ற தொழிலாளர்க்கு அவர்கள் செய்த நன்மை பெரிது.

ஆனால் அவ்வாலைக்கு வந்த கொக்கோவிற் பெரும்பகுதி, போர்ச்சுகீசியர் ஆண்ட சான் தோமே தீவில் விளைந்தது. அங்கே உழைத்தவர் அங்கோலாவிலிருந்து ஒப்பந்தம் என்னும் பெயரால் கொணரப்பட்டவர். ஊர் திரும்பியவர் அரியர். 1901-ஆம் ஆண்டில் வில்லியம் காட்பரி இச்செய்தியை அறிந்தார். 1905-ஆம் ஆண்டில் கம்பெனியார் ஜோசப் பர்ட் என்பவரை விசாரணைக்கு அனுப்பினர்; அரசாங்கத்தார் வாயிலாகவும் முயன்றனர். கொள்முதலை நிறுத்தியதோ 1909-ஆம் ஆண்டில்! இதனைக் குறித்து இகழ்ந்தெழுதிய பத்திரிகையின் மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தபோது, ஜூரிகள் காட்பரி பக்கமே தீர்ப்புக் கூறினர். ஆனால் நஷ்டஈடாக விதித்த தொகை ஒரு பார்த்திங், அஃதாவது கால் பென்னி. விசாரணை முடியாமல் ஒருவரைக் கைவிடுதல் நியாயமன்று என்று கம்பெனியார் கருதியிருக்கலாம். அவ்வெட்டு ஆண்டுகளிலும் தீவில் உழைத்தவர்க்கு அக்காரணம் என்ன ஆறுதல் தரும்?

அன்பர்களே! இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? கண்ணெதிரே நிற்பவரிடம் நேர்மையாய் நடத்தல் அரிதெனினும் இயல்வதே. கண்ணுக்கெட்டாத் தொலைவில் நம் பொருட்டு வருந்துவோரை நினைத்தல் அதனினும் அரிது. இக்காலத்தில் நாம் உண்பதும் உடுப்பதும் ஏழ்கடல் கடந்து வருகின்றன. மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோத் தோட்டங்களிற் சிறுவர் உழைப்பு இன்றும் ஒழிந்தபாடில்லை. ஆதலின் ஊல்மன் வினவிய வினா பழைமைப்பட்டதன்று.

மற்றொன்று, சங்கம் என்று பெயர் பூண்ட நமக்கே உரியது. தன் குலத்தார் புகழை எடுத்துரைத்தல் எச்சங்கத்திற்கும் எளிது. தன்னுட் செல்வரின் வாசலிற் போய் நின்று, “ஐயா, இது தகாது” என்று பணிவோடும் தளராமலும் சொல்லுதலே அரிது. அவ்வாறு சொல்லுவார் சிலரும், அதனைக் கேட்டுத் திருந்துவார் பலரும் நம்மிடையே உளராயின், நம் சங்கம் நெடிது நிலைபெறும் என்பது திண்ணம்.