சுவரில் மாட்டிய வானிலை

பழைய சாமான் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும் பொருள்களில் ஒன்று, வீட்டுச் சுவரில் மாட்டும் வானிலைக் கருவி. வீணையை நிமிர்த்தி வைத்தாற்போன்ற மரச்சட்டம். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முகங்கள். ஒன்று வெப்பத்தையும், மற்றொன்று காற்றின் ஈரத்தையும், அடியில் உள்ள பெரிய முகம் காற்றின் அழுத்தத்தையும் காட்டும். மின்சாரம் வேண்டாம், சாவி கொடுக்கவும் வேண்டாம். எங்கள் நண்பர்களில் ஒருவர் அத்தகைய கருவி ஒன்றை வாங்கிவந்து, விளாத்திகுளத்தை அடுத்த புதூரில் உள்ள தம் வீட்டுச் சுவரில் மாட்டினார். மழையை எதிர்பார்த்தே வாழ்நாளைக் கழிக்கும் கரிசல் மண்ணில், மழையைச் சொல்வதாகக் கூறிக்கொள்ளும் ஒரு கருவி! ஓராண்டுக் காலம் அதன் முட்களை நாங்கள் கவனித்து வந்தோம். அந்தக் கவனிப்பே இக்கட்டுரைக்கு வித்திட்டது.

காற்றுக்கு எடை உண்டு என்பதை 1643இல் இத்தாலியின் டாரிசெல்லி பாதரசக் குழாயின் மூலம் காட்டினார். அந்நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், பாதரசத்தின் ஏற்ற இறக்கத்தை வட்ட முகத்தில் சுழலும் முள்ளாக மாற்றினார். எனினும் பாதரசம் கனமானது, சிந்தக்கூடியது. 1844இல் பிரான்சின் லூசியன் விடி திரவமே இல்லாத காற்றழுத்தமானிக்குக் காப்புரிமை பெற்றபின்தான் இக்கருவி எளிதில் வீட்டுக்குள் வரலாயிற்று. காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று, வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும். மயிரிழையளவான அந்த அசைவை நெம்புகோல்களும் சிறு சங்கிலியும் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகின்றன. ஈரப்பதமானியின் அடிப்படையோ உண்மையிலேயே மயிரிழைதான். ஈரம் பட்டால் மனிதத் தலைமயிர் நீளும் என்பதைக் கொண்டு 1783இல் ஸ்விட்சர்லாந்தின் சோஸ்யூர் அதற்கு வடிவம் தந்தார்.

காற்றழுத்த முகத்தில் எண்களோடு சொற்களும் பொறிக்கப்பட்டிருக்கும். 28 அங்குலத்தில் புயல், 29இல் மழை, இருபத்தொன்பதரையில் மாற்றம், 30இல் தெளிவு, 31இல் கடும் வறட்சி. இச்சொற்கள் இங்கிலாந்தின் வானத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. மேற்குக் கடலிலிருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும் அந்நாட்டில் அவற்றுக்கு ஓரளவு பொருள் உண்டு. ஆயினும் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் முதல் தலைவரான கடற்படைத் தளபதி ஃபிட்ஸ்ராய், சொற்களை விட முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்று அங்கேயே எச்சரிக்க வேண்டியிருந்தது.

புதூரில் அந்த முள் என்ன செய்தது? நாள்தோறும் காலை பத்து மணியளவில் உயர்ந்தது; பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்ந்தது; இரவு பத்துக்கு மீண்டும் ஏறி விடியுமுன் மீண்டும் இறங்கியது. மழையோ வெயிலோ இந்த ஒழுங்கு பெரும்பாலும் பிறழவில்லை. முதலில் கருவி பழுதென்றே எண்ணினோம். பின்னர்தான் தெரிந்தது, வெப்ப மண்டலமெங்கும் காற்று இவ்வாறே நாளுக்கு இருமுறை மூச்சு விடுகிறது என்பது. 1794இல் கல்கத்தாவில் பிரான்சிஸ் பால்ஃபர் என்னும் மருத்துவர் ஒரு சந்திர மாதம் இரவும் பகலும் காற்றழுத்தமானியைப் பார்த்து இதைப் பதிவு செய்திருக்கிறார். வளிமண்டலத்தைச் சூரியன் சூடேற்றுவதால் எழும் அலை இது. நம் பகுதியில் இதன் அளவு மூன்று நான்கு மில்லிபார். வானிலை மாற்றம் காட்டும் அசைவு பல நாட்களில் இதைவிடச் சிறியது. அன்றாட மூச்சுக்குள் அது மறைந்து போகிறது.

ஆண்டுக் கணக்கு இன்னும் விசித்திரமானது. தென் தமிழகத்தில் கடல்மட்ட அளவுக்குத் திருத்திய காற்றழுத்தம் ஜனவரியில் ஏறத்தாழ 1012 மில்லிபார். நடுக்கோடையிலும் ஆனி ஆடியிலும் 1006 அளவுக்கு இறங்கும். அங்குலக் கணக்கில் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கும் ‘தெளிவு’ என்ற சொல்லுக்கும் இடையிலேயே அடங்கிவிடுகிறது. மழையை நோக்கி முள் மிகவும் சாய்வது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட மேல்காற்று புழுதி வாரியடிக்கும் மாதங்களில். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் நனையும்போது முள்ளோ தெளிவை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. புயல் வெகு அருகில் வந்தாலொழிய இந்த முகத்தை நம்பி இங்கு எவரும் விதை தூவ முடியாது.

மூன்று முகங்களில் இப்பகுதிக்கு உண்மையில் பொருத்தமானது ஈரப்பதமானிதான் எனலாம். கோவில்பட்டி இரு தொழில்களின் ஊர். நூற்பாலைக்கு ஈரக்காற்று வேண்டும். காற்று உலர்ந்தால் இழை அறும். தீப்பெட்டிக்கோ உலர்ந்த காற்று வேண்டும்; ஈரம் ஏறினால் மருந்து காயாது, குச்சி நமுத்துப் போகும். ஒரே முள்ளின் ஒரே அசைவு ஒரு தொழிலுக்கு நல்ல சகுனமாகவும் அடுத்த தொழிலுக்குக் கெட்ட சகுனமாகவும் அமையும் ஊர்கள் அதிகமில்லை.

அப்படியானால் காற்றழுத்தமானி நமக்குப் பயனற்றதா? ஒரு வீட்டுச் சுவரில் தனித்துத் தொங்கும்வரை ஏறத்தாழ அப்படித்தான். பல ஊர்களில் குறித்த நேரத்தில் பார்த்து எழுதிவைத்தபோது கதை மாறியது. சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. 1864இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. இவற்றின் விளைவாக 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. மறு ஆண்டே தொடங்கிய தாது வருடப் பஞ்சம், லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்துவிட்டு 1878இல்தான் ஓய்ந்தது. 1904இல் அத்துறையின் தலைமையேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற ஒற்றைக் கேள்வியுடன் உலகெங்குமுள்ள நிலையங்களின் அழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். பசிபிக் கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. தராசுத் தட்டுகளைப் போன்ற இந்த அசைவுக்கு 1924இல் அவர் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். எல் நினோவைப் பற்றிய இன்றைய அறிவின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. ஒரு வீட்டின் முள் சொல்லாததை ஆயிரம் முட்கள் சேர்ந்து சொல்லின.

கோவில்பட்டியிலேயே இதற்கு ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு உண்டு. 1901இல் அங்கு தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிச் சாகுபடியையே தன் பொருளாகக் கொண்டது. மழைக்குச் சற்று முன்பே காய்ந்த நிலத்தில் விதைப்பதா, மழை விழுந்தபின் விதைப்பதா என்பது கரிசல் சம்சாரியின் ஆண்டுச் சூதாட்டம். முந்தினால், அரைகுறைத் தூறலில் முளைத்து விதை கருகும். பிந்தினால், ஈரக் கரிசலில் ஏர் இறங்காது, மழையும் பருவத்தோடு முடிந்துவிடும். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையே காணும் பூமியில் இத்தவற்றின் விலை ஒரு வருடத்துச் சோறு. இதற்கு விடை தேடப் பயன்பட்டவை, மழைமானி என்ற சாதாரண உருளையும் வாரவாரியாகச் சேர்த்துவைத்த மழைக் கணக்கும்தான். புரட்டாசிக்குள் எந்த வாரத்தில் எந்தப் பயிரை, எவ்வளவு ஆழத்தில் விதைக்கலாம் என்ற பரிந்துரைகள் அவ்வாறு உருவானவை. அழகான பித்தளை முகம் அதற்கு இல்லை; எவரும் அதை வரவேற்பறையில் மாட்டுவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கரிசல் காடுகளும் வெள்ளக்காடாயின. அது புயலாகவோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவோ வலுப்பெறாத வெறும் காற்றுச் சுழற்சி. சுவரில் தொங்கும் முள் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வழியில்லை.

புதூர்ச் சுவரில் இருப்பதைக் கழற்றி எறிய எங்களுக்கு மனம் வரவில்லை. அதன் முகத்தை மட்டும் மாற்றி எழுதலாம் என்று பேசிக்கொண்டோம். கரிசல் மக்களின் பேச்சு மொழியை கி. ராஜநாராயணன் 1982இல் அகராதியாகத் தொகுத்தளித்த பூமி இது, சொற்களுக்குப் பஞ்சமில்லை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் எனத் திசையைக் கொண்டே காற்றுக்குப் பெயரிட்டது தமிழ். கொண்டல் என்பதற்கு மேகம் என்றும் பொருள். மேல்காற்று நின்று கீழ்த்திசை திரும்பினால் மழை வரும் என்பது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் படிக்க முற்றத்தில் நின்றால் போதும்.