நாலு ஏக்கர் சமதளம்

ஊட்டியைச் சுற்றியுள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டு வரலாற்றை எழுத உட்கார்ந்தால், தலைமையாசிரியர் அறையில் இருக்கும் கோப்பைகளிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் அளவுநாடாவிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க, காரணம் இருக்கு.

வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10. கால்பந்து மைதானம் சர்வதேச அளவில் 105-க்கு 68. 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏறக்குறைய 177-க்கு 93 மீட்டர் வேணும், அதாவது நாலு ஏக்கர். ஓடும் திசையில் அந்தப் பாதை 1000-க்கு 1-க்கு மேல் சாயக்கூடாதுன்னு விதி. 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர்தான் அனுமதி!

இப்போ இதை மலையில் வைத்துப் பாருங்கள். 5 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறங்குகிற சரிவு என்று எடுத்துக்கொள்வோம். நீலகிரிக்கு இது சாதாரணம். இதில் 9 மீட்டர் அகலத்துக்குச் சமதளம் வெட்டினால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 1.8 மீட்டர்தான் வித்தியாசம். ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் வாலிபால் கோர்ட் தயார். 93 மீட்டர் அகலத்துக்கு வெட்டினால் வித்தியாசம் 18.6 மீட்டர், ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். எந்தப் பள்ளி மேம்பாட்டு நிதியிலும் அந்த வேலை நடக்காது.

மலைப் பள்ளிகளில் வாலிபால், கபடி, பேட்மிண்டன் அணிகள் எளிதாக உருவாவதற்கும், தடகளத்துக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த பி.டி. வாத்தியார் திண்டாடுவதற்கும் இந்தக் கணக்கே பெரும் பங்கு காரணம் என்பது என் வாதம். பையன்களின் திறமையைப் பேசுவதற்கு முன்னால் நிலத்தைப் பேசணும்.

அப்படியென்றால் ஊட்டியில் சமதளமே இல்லையா? இருந்தது, இருக்கிறது. யாருக்குப் போச்சு என்பதுதான் வரலாறு.

ஊட்டி ஏரியை 1820-களில் வெட்டுவித்தவர் கலெக்டர் ஜான் சல்லிவன். இன்று நாம் பார்ப்பதைவிட அது பெரிய ஏரி. பின்னாளில் அதன் மேல் பகுதியைத் தூர்த்ததில் நகரின் நடுவே தட்டையான இடம் கிடைத்தது. 1870-களில் சென்னை கவர்னராக இருந்த ஹோபார்ட் பிரபுவின் பெயரால் அதற்கு ஹோபார்ட் பார்க் என்று பெயர். நம்ம ரேஸ் கோர்ஸ் இருந்த இடம் அதுதான். மலையில் அரிதிலும் அரிதான ஒரு சமவெளி, வருஷத்தில் சில வாரக் குதிரைப் பந்தயத்துக்குப் போனது.

இரண்டாவது உதாரணம், ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள லவ்டேல். 1857-இல் லக்னோவில் இறந்த ஹென்றி லாரன்ஸின் நினைவாக, பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858-இல் ஊட்டியில் தொடங்கப்பட்டது லாரன்ஸ் பள்ளி. லவ்டேல் வளாகத்தின் பரப்பு சுமார் 750 ஏக்கர். படைவீரர் பிள்ளைகளின் பள்ளியில் விளையாட்டும் ஒழுங்கும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன, மைதானங்களுக்கும் அதற்கேற்ற இடம் ஒதுக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் அது பாதுகாப்புத் துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாறி, 'பப்ளிக் ஸ்கூல்' ஆனது. பெயரில் பப்ளிக் இருந்தாலும் கட்டணம் கட்டித் தங்கிப் படிக்கும் பள்ளி. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் இதற்கும் ஒரே காற்று, ஒரே குளிர். நிலம் மட்டும் வேறு.

அந்தக் காற்றைப் பற்றியும் சொல்லணும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியின் உயரமும் ஏறக்குறைய அதே. 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தபோது, மெலிந்த காற்றில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். ஆனால் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27 விநாடி. அன்றைய உலக சாதனையைவிட ஒன்றேமுக்கால் நிமிடத்துக்கும் மேல் தாமதம். அந்தச் சாதனையை வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். டெமுவும், வெள்ளி வாங்கிய எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும் உயர நிலத்து நாட்டுக்காரர்கள். பிறந்து வளர்ந்த உயரம் நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு சொத்து என்பதை உலகம் அப்போதுதான் கண்ணால் பார்த்தது.

அந்தச் சொத்து நம்ம ஊட்டிப் பிள்ளைகளுக்கும் இருக்கு. கென்யாவின் இட்டென் ஊரும் கிட்டத்தட்ட இதே உயரம்தான், 2,400 மீட்டர். அங்கே செயின்ட் பேட்ரிக்ஸ் என்ற உயர்நிலைப் பள்ளி. 1976-இல் அயர்லாந்திலிருந்து கோம் ஓ'கானல் என்ற பாதிரி சகோதரர் ஆசிரியராக வந்தார். தடகளத்தில் அவருக்கு முன்பயிற்சி கிடையாது. அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் ரோனோ 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். பின்னாளில் 800 மீட்டரில் உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷாவும் ஓ'கானலின் மாணவர்தான். அவர்களிடம் இருந்தது மண் ரோடும், மண் ஓடுபாதையும், பல பத்தாண்டுகள் ஊரை விட்டுப் போகாத ஒரு வாத்தியாரும்.

ஆக, செயற்கை இழை ஓடுபாதை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நகரில் ஹெச்.ஏ.டி.பி. மைதானம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் போட்டி நாளன்று மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் மைதானம் வேறு, தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குக் காலடியில் இருக்கும் மைதானம் வேறு. பயிற்சி என்பது இரண்டாவதில்தான் நடக்கும்.

2024-இல் ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை அரசு திரும்ப எடுத்தது. கணக்குப் பார்த்தால் அதில் ஒரு டஜன் ஓடுபாதை போடலாம். அப்படி யாரும் போட வேண்டாம். அது பழைய ஏரி நிலம், மழைக்காலத்தில் தண்ணீர் வந்து நிற்கும் தாழ்வு, பாதியாவது புல்லாகவே கிடக்கட்டும். ஆனால் பூங்கா, வாகன நிறுத்தம், சுற்றுலா என்று திட்டம் போடுகிறபோது, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மாலையில் ஓடிப் பழக நாலு ஏக்கர் மண் தரை என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்கணும். சமதளத்தைப் பங்கு போட இருநூறு வருஷத்தில் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு இது.