'உலக வழக்கு': காங்கிரீவின் நகைச்சுவையும் சொத்துப் பத்திரமும்

வில்லியம் காங்கிரீவின் 'தி வே ஆஃப் தி வேர்ல்டு' 1700 மார்ச்சில் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் மேடையேறியது. உரையாடலின் கூர்மைக்குப் பேர்போன இந்நாடகத்தின் மீது ஒரு குறை தொடர்ந்து சொல்லப்படுகிறது: பேச்சு பிரமாதம், கதைதான் சிக்கல், கடைசியில் எங்கிருந்தோ ஒரு பத்திரம் வந்து முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. எனக்கு இது உடன்பாடன்று. அந்தப் பத்திரத்தை எடுத்துவிட்டால் இந்நாடகத்தின் சிரிப்புக்கே பொருளில்லை.

காங்கிரீவ் 1691இல் மிடில் டெம்பிளில் சட்டம் பயிலச் சேர்ந்தவர். வழக்கறிஞராகவில்லை, ஆனால் சட்டத்தின் நடை அவர் காதில் தங்கிவிட்டது. நான்காம் அங்கத்தில் மில்லமன்ட்டும் மிராபெல்லும் திருமணத்துக்கு முன் நிபந்தனை பேசும் காட்சியைப் பாருங்கள். விரும்பிய நேரம்வரை தூங்குவேன், எனக்கு வரும் கடிதங்களைப் பற்றிக் கேள்வி கூடாது, என் அறைக்குள் கதவைத் தட்டாமல் வரக் கூடாது என்கிறாள் அவள். அவனோ ஆவணம் எழுதுபவனைப் போல, முதலாவது, அடுத்து என்று தன் விதிகளை அடுக்குகிறான். காதலர் நிபந்தனை பேசும் காட்சி காங்கிரீவின் கண்டுபிடிப்பன்று. நாடகாசிரியர் டிரைடனிடம் முன்பே உண்டு. காங்கிரீவிடம் புதியது, அந்த விளையாட்டின் அடியில் கிடக்கும் அச்சம். அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணின் பணமும் நகையும் கணவனுக்கே. கதவைத் தட்டிவிட்டு வா என்று சொல்லும் உரிமை அவளுக்குச் சட்டத்தில் இல்லை, பேச்சில்தான் உண்டு. மில்லமன்ட்டின் சொல்திறம் அலங்காரமன்று, அவள் கையிலிருக்கும் ஒரே ஆயுதம்.

பேச்சு முடிந்ததும் மிராபெல் அவள் கையை முத்தமிட அனுமதி கேட்கிறான். அந்நேரம் உள்ளே வரும் திருமதி ஃபெயினலை ஒப்பந்தத்துக்குச் சாட்சி என்கிறான். ஒரு காலத்தில் அவனுடைய காதலியாக இருந்தவள் அவள். விதவையாக இருந்தபோது, ஃபெயினலை மணப்பதற்கு முன், தன் சொத்து முழுவதையும் மிராபெல்லை நம்பிக்கைப் பொறுப்பாளனாக்கி எழுதிவைத்தவள். ஐந்தாம் அங்கத்தில் ஃபெயினல் அவளுடைய சொத்தையும் மில்லமன்ட்டின் 6,000 பவுனையும் மிரட்டிப் பறிக்க முனையும்போது, கறுப்புப் பெட்டியிலிருந்து வெளிவருவது அந்தப் பத்திரம்தான். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு எழுத்து ஒப்பந்தம் செய்தவளே சாட்சியாக நின்றதைக் கவனித்த வாசகருக்கு இம்முடிவு திடீரென வந்ததாகத் தோன்றாது.

இன்னொரு நுட்பம். அப்பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் விட்வுட்டும் பெட்டுலன்ட்டும். நாடகம் முழுக்க ஓயாமல் சாமர்த்தியம் பேசித் திரியும் அவ்விருவரும் அதில் என்ன இருந்தது என்று அறியாமலே கையெழுத்திட்டவர்கள். வெறும் வாய்ச்சாலகத்துக்கும் மதிநுட்பத்துக்கும் உள்ள தொலைவை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ஆயினும் பெண்ணைக் காக்கும் அந்தப் பத்திரமும் ஓர் ஆணின் பொறுப்பிலேயே இருந்தது. அதாவது, மிராபெல் யோக்கியனாக இருந்ததால் திருமதி ஃபெயினல் பிழைத்தாள். இறுதியில் எல்லோர் முன்னிலையிலும் அவன் அதை அவளிடமே திருப்பித் தருகிறான். ஆனால் திரை விழும்போதும் அவள் ஃபெயினலின் மனைவிதான். மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே முழுமையாக வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டம் இங்கிலாந்தில் 1882இல்தான் நிறைவேறியது.