ஏ-9 வீதியும் எண்ணிமக் களஞ்சியமும்: வன்னியில் பல்கலைக்கழக நூலகங்கள், 1990 முதல்

வன்னிப் பெருநிலப்பரப்பில் பல்கலைக்கழக நூலகச் சேவை இன்று முதன்மையாக இரண்டு இடங்களில் நடக்கிறது. வவுனியா பம்பைமடுவில் இருப்பது 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் ஒரு தனிப் பல்கலைக்கழகத்தின் நூலகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களுக்கானது. இரண்டும் கிளைகளாகப் பிறந்தவை. தாய் நூலகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தது. அறிவியல் நகரிலிருந்து அதற்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து அதைப்போல இருமடங்கு. இந்தத் தூரத்தின் வரலாறுதான் இந்நூலகங்களின் வரலாறும். எண்ணிமத் தொழில்நுட்பம் அந்தத் தூரத்தை எவ்வளவு குறைத்தது, எதைத் தொடாமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. கிளிநொச்சி 1996இல் இராணுவத்திடமும், 1998இல் விடுதலைப் புலிகளிடமும், 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்திடமும் கைமாறிய நகரம். பீடம் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. அறிவியல் நகருக்கு அது திரும்பி வந்தது போர் முடிந்த பிறகுதான். வவுனியாவின் கதை வேறு. 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்தது. வளாகம் இருந்த நகரமோ அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் வட எல்லையில் இருந்தது. வவுனியாவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி 2002 தொடக்கத்தில் திறக்கப்பட்டு 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. கிளை ஒரு கரையிலும் தாய் நூலகம் மறுகரையிலுமாக, இடையில் போர்முனை கிடந்தது.

அச்சு நூலை மட்டுமே நம்பிய நூலகத்துக்கு இப்படியான பிரிவு எவ்வளவு பெரிய பாரம் என்பதை இன்றைய மாணவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பல்கலைக்கழக நூலக மரபில் நூல்கள் மூன்று வகை. இரவல் பகுதியில் உள்ளதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மாணவர் ‘எஸ்.ஆர்.’ என்று சொல்லும் குறுங்கால இரவல் நூலை மாலையில் எடுத்து மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘பி.ஆர்.’ எனப்படும் நிரந்தர உசாத்துணை நூல் மண்டபத்தைவிட்டு வெளியே போகாது. படிகள் குறைவு, கேட்பவர் அதிகம் என்ற நிலைமைக்காக வகுக்கப்பட்ட ஒழுங்கு இது. நூலகர் பங்கீடு செய்பவராக இருந்தார். ஒரு நூல் தொலைந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கோடு விழும். அதே நூல் திரும்ப வர ஆண்டுகள் ஆகலாம், வராமலே போகவும் கூடும்.

எண்ணிம மாற்றத்துக்கான கருவிகள் வன்னிக்கு வெளியே, வேறு தேவைகளுக்காக உருவானவை. நியூசிலாந்தில் பிறந்த ‘கோஹா’ என்ற கட்டற்ற மென்பொருள் அட்டைப் பட்டியலைக் கணினிப் பட்டியலாக மாற்றியது. 2002இல் அமெரிக்காவில் வெளியான ‘டிஸ்பேஸ்’, ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளைத் தானே இணையத்தில் வைக்க வழிசெய்தது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘அகோரா’ திட்டம், வளர்முக நாடுகளின் விவசாய ஆய்வாளருக்குச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திறந்துவிட்டது. மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லாதது சிறிய நூலகங்களுக்குப் பெரிய வாய்ப்பு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதலில் மின்சாரம் வேண்டும். போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே கிடந்தது. ஆகவே அங்கெல்லாம் எண்ணிமக் காலம் 2009க்குப் பிறகே தொடங்குகிறது. உலகின் பல நூலகங்கள் இருபது ஆண்டுகளில் படிப்படியாகக் கடந்ததை வன்னி ஒரு பாய்ச்சலில் கடக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாய்ச்சலுக்கு இரண்டு சோதனைகள் வந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு வழியாக விரிவுரைகள் நடந்தன. நூலகத்தின் கதவு பூட்டியிருக்க, சேவை தொடர வேண்டிய நிலை முதன்முறையாக ஏற்பட்டது. 2022இல் வந்த பொருளாதார நெருக்கடி இதற்கு நேரெதிரான பாடம். மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு. டொலரின் பெறுமதி சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியது. டொலரில் விலை குறிக்கப்படும் சஞ்சிகைச் சந்தா எவ்வளவு பலவீனமான உடைமை என்பது அப்போது தெளிவானது. வாங்கிய அச்சு நூல் அலுமாரியில் இருக்கும். சந்தா நின்றால் அணுகலும் பெரும்பாலும் நின்றுவிடும். வாசிப்பு மண்டபத்தின் தேவை குறைந்துவிட்டது என்ற வாதத்தை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். சமிக்ஞை சரியாகக் கிடைக்காத கிராமத்திலிருந்து, ஒரு கைப்பேசியை வீட்டார் பலர் பகிரும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, மின்விசிறியும் வை-ஃபையும் அமைதியும் ஒருங்கே கிடைக்கும் இடம் நூலகம்தான்.

இதுவரை சொன்னது நூலகம் வெளியிலிருந்து பெறுவதைப் பற்றியது. வன்னி வெளியே கொடுப்பது என்ன என்ற பக்கமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜே. பி. லூயிஸ் எழுதி 1895இல் கொழும்பில் வெளியான வன்னி மாவட்டக் கையேடு, குளங்கள், பயிர்ச்செய்கை, வழக்காறுகள் என எத்தனையோ செய்திகளைத் தருகிறது. அந்தக் குடியேற்றக்கால அதிகாரியின் நூலை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் வாசிக்கலாம். இங்குள்ளவர்கள் எழுதியவற்றின் நிலை அப்படி இல்லை. போர்க்கால வன்னியில் ‘ஈழநாதம்’ நாளிதழாகவும் ‘வெளிச்சம்’ கலை இலக்கிய இதழாகவும் வந்தன. இலங்கையில் வெளியீடுகளின் சட்டப்படி ஒப்படைக்கப்படும் பிரதிகள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகின்றன. போர்முனைக்கு அப்பால் அச்சானவற்றுக்கு அந்த ஒழுங்கு எட்டவில்லை. 2009இல் போரின் இறுதி மாதங்களில் மக்கள் முள்ளிவாய்க்கால்வரை நடந்தபோது, வீட்டு அலுமாரிகளும் அலுவலகக் கோப்புகளும் வழியில் விடப்பட்டன. எஞ்சியவற்றில் ஒரு பகுதியைக் காத்தது பல்கலைக்கழகம் அல்ல, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம். நா. செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ எது வெளிவந்தது என்பதையாவது பதிந்து வைத்தது. நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலையைத் தனிமனிதர்களும் தன்னார்வலர்களும் சுமந்தார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வவுனியாப் பல்கலைக்கழகமும் இன்று தமக்கென எண்ணிமக் களஞ்சியங்களை வைத்திருக்கின்றன. ஆய்வு மாநாட்டுக் கட்டுரைகள் அவற்றில் ஏறுகின்றன. தமிழில் எழுதப்பட்ட பழைய ஆவணங்கள்தான் சிக்கல். இலங்கையில் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகத் தமிழ்த் தட்டச்சு பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் நடந்தது. பாமினியில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழ்; கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல். அப்படியே பதிவேற்றினால் ‘இரணைமடு’ என்று தேடுபவருக்கு அந்த ஆவணம் அகப்படாது. ஆங்கிலத் தலைப்புகளிலும் முல்லைத்தீவு குறைந்தது மூன்று விதமாக எழுதப்படுகிறது. ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் மறைந்துவிடும். இங்கேதான் நூலகரின் பழைய திறமை திரும்பவும் தேவைப்படுகிறது: யுனிகோடுக்கு மாற்றுவது, இடப்பெயர்களுக்கு ஒரு நியமப் பட்டியல் வகுப்பது, ஒவ்வொரு ஆவணத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் விபரக்குறிப்பு எழுதுவது. அட்டைப் பட்டியல் எழுதிய கைகளுக்கு இந்த வேலையின் நுணுக்கம் தெரியும். பதிவேற்றிய கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் ஆண்டறிக்கையில் காட்டும் வழக்கம் இந்த உழைப்பை மறைக்கிறது.

இக்களஞ்சியங்களில் சேர்க்க வேண்டியவை கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் திறக்கப்பட்ட விதம் பற்றிக் கடுமையான சர்ச்சை எழுந்தது. இத்தகைய நிகழ்வின் திணைக்கள அறிக்கைகள், கமக்கார அமைப்புகளின் கூட்டக் குறிப்புகள், நீர்மட்டப் பதிவுகள் எல்லாம் அறிவியல் நகரின் பொறியியல், விவசாய மாணவர் தம் வாசலிலேயே தேட வேண்டிய மூலங்கள். ஆலய மலர்கள், பாடசாலை விழா மலர்கள், பிரதேச செயலகங்களின் வெளியீடுகளும் அப்படியே. இவற்றுக்குச் சந்தா இல்லை, டொலர் இல்லை. பேராதனைக்குள்ள சட்ட உரிமையை விரிவாக்கச் சட்டத்திருத்தம் வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். ஆனால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களின் அச்சகங்களிடமும் செயலகங்களிடமும் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு பிரதியை, முடிந்தால் மூலக் கோப்பையும் சேர்த்து, கேட்டு வாங்குவதற்குப் பல்கலைக்கழகங்களின் ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தில் பம்பைமடுவும் அறிவியல் நகரும் சேர்ந்து ஒப்பமிட்டால், ஒரே வெளியீடு இரண்டு முறை ஸ்கேன் ஆவதையும் எவருமே ஸ்கேன் செய்யாமல் விடுவதையும் தவிர்க்கலாம்.